திருக்கோயிலில் மக்கள்: ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் பாடல்கள் பற்றி ஓர் ஆய்வு

தமிழில் பத்தி நூல்களைப் பயின்றவர்க்கு ஊர்ப்பெயர் இல்லாத கோயிற்பாட்டு எளிதில் மனங்கொள்ளாது. சம்பந்தர் பதிகம் ஒன்றை எடுத்தால் தலத்தின் பெயர் பாட்டுத்தோறும் செவியில் விழுகின்றது. அத்தலத்தின் வயலும் சோலையும் ஆற்றுநீரும் அடியார் கூட்டமும் உடன்வருகின்றன. இவ்வழக்கிற் பழகிய நாம், ஆங்கிலப் புலவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் (1593–1633) இயற்றிய ‘டெம்பிள்’ என்னும் நூலைக் கையில் எடுக்குங்கால் ஒருவகை ஏமாற்றம் அடைகின்றோம். ‘திருக்கோயில்’ என்று ஈண்டு யாம் குறிக்கும் அந்நூலில் 160க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. அவற்றுள் வாயில் உண்டு, பலிபீடம் உண்டு, தளமும் சாளரமும் உண்டு, பூட்டும் திறவுகோலும் உண்டு, கல்லறைகளும் உண்டு. ஊரின் பெயர்தான் இல்லை. ஊர்மக்களும் இல்லை என்றே முதற்பார்வைக்குத் தோன்றும்.

ஆனால் அப்புலவர் தம் வாழ்நாளின் இறுதி மூன்றாண்டுகளைச் சிற்றூர் ஆலயம் ஒன்றில் குருவாக இருந்து கழித்தவர். உழவரும் பணிமக்களும் அடங்கிய சிறு சபைக்கு நாள்தோறும் வழிபாடு நடத்தியவர். அவ்வாலயத்துக்கும் இந்நூலுக்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. நூல் முழுவதும் அவ்வாலயத்தின் நிழலே என்பார் ஒருசாரார். கோயில் என்பது உள்ளத்தையே குறித்தலின் ஊரும் சபையும் பொருட்டல்ல என்பார் மற்றொரு சாரார். இவ்விரு முடிபும் முழுதும் பொருந்தா என்பது எம் கருத்து. பாடல்கள் எழுந்த காலமுறையை நோக்கின், சிறு சபை அந்நூலுள் அடியெடுத்து வைக்கும் இடம் தெளிவாகப் புலப்படும். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

புலவரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூறின் போதும். வேல்ஸ் நாட்டு மான்ட்கோமரியில் உயர்குடியிற் பிறந்தவர் ஹெர்பர்ட். அவர்தம் அன்னையார் மாக்டலின், புலவர் ஜான் டன்னின் நட்பைப் பெற்றவர். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியிலும் பயின்ற ஹெர்பர்ட், 1620-இல் அப்பல்கலைக்கழகத்தின் பொதுச் சொற்பொழிவாளர் ஆனார். மன்னர்க்கும் பெருமக்கட்கும் இலத்தீனில் முகமன் உரைப்பது அப்பதவியின் கடமை. அதிலிருந்து அரசவைக்கு ஏறிச் சென்றோர் உண்டு; ஹெர்பர்ட்டும் அவ்வழியை நாடியிருந்தார் என்பதில் ஐயமில்லை. 1624-இல் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1625-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் மறைந்தார். பின்னர் நோயும் மனத்தடுமாற்றமும் நிறைந்த சில ஆண்டுகள் கழிந்தன. 1630 ஏப்ரலில், ஸாலிஸ்பரி நகரை அடுத்த பெமர்ட்டன் என்னும் சிற்றூரின் குருப்பதவி அவர்க்குக் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் குருப்பட்டம் பெற்றார். 1633 மார்ச்சு முதல் நாள், 40 வயது நிரம்புமுன் இறந்தார்.

பெமர்ட்டன், ஸாலிஸ்பரி நகருக்கும் வில்ட்டன் ஊருக்கும் இடையே நாடர் ஆற்றங்கரையில் அமைந்தது. வில்ட்டனில் பெம்புரோக் பிரபுக்களின் மாளிகை இருந்தது. அப்பிரபுக்கள் புலவரின் உறவினர். ஹெர்பர்ட் ஏற்ற பதவிக்கு உரிய தலைமை ஆலயம் பகிள்ஸ்டன் என்னுமிடத்தில் உள்ளது. பெமர்ட்டனில் இருப்பதோ புனித அந்திரேயா பெயரால் வழங்கும் மிகச் சிறிய துணையாலயம். சாலையின் ஒருபுறம் குருமனை, எதிர்ப்புறம் ஆலயம். ஸாலிஸ்பரிப் பேராலயத்தின் விண்ணளாவும் கூர்ங்கோபுரத்தை மனத்திற் கொண்டு இதனை நோக்குவார்க்கு இதன் சிறுமை வியப்பளிக்கும். பழுதுற்றிருந்த இவ்வாலயத்தையும் குருமனையையும் ஹெர்பர்ட் தம் செலவிற் புதுக்கினார் என்பர்.

‘என்பர்’ என்று யாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. பெமர்ட்டன் வாழ்க்கை பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி ஐஸக் வால்ட்டன் 1670-இல் வெளியிட்ட வரலாற்றினின்று வருவது. தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றிய உரைநடை நூலாற் புகழ்பெற்றவர் இவர். ஹெர்பர்ட்டைக் கண்ணாற் கண்டவரேயன்றிப் பழகியவர் அல்லர். அதனை அவரே ஒப்புகின்றார். புலவர் மறைந்து 37 ஆண்டுகள் கழிந்தபின் எழுதுகின்றார். பதவியேற்ற நாளில் மணியடிக்கத் தனியே ஆலயத்துள் புகுந்த ஹெர்பர்ட் நெடுநேரம் வெளிவராமையால் நண்பர் சாளரம் வழியே நோக்க, அவர் பலிபீடத்தின் முன் நிலத்திற் கிடந்து மன்றாடினார் என்பது ஒரு செய்தி. வழிபாட்டு மணி ஒலித்ததும் வயலில் உழுவோர் ஏரை நிறுத்தி வணங்கிப் பின்னர் உழவைத் தொடர்ந்தனர் என்பது மற்றொன்று. ஸாலிஸ்பரிக்கு இசைக்குழுவை நாடிச் செல்லும் வழியில், சுமையோடு வீழ்ந்த குதிரையைத் தூக்க ஏழை ஒருவனுக்குத் தோள்கொடுத்து, அழுக்கேறிய ஆடையோடு நண்பரிடம் சென்றார் என்பது பிறிதொன்று. இவை பொய் என்று தள்ளுதற்கில்லை; மெய் என்று நிறுவவும் இயலா. நம் குருபரம்பரை நூல்களைப் பயின்றோர்க்கு இவ்வகை எழுத்து புதிதன்று. அடியார் ஒருவரின் பெருமையைக் காட்டும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்து கோத்தல் அதன் இயல்பு. அதனைப் பாடலுக்கு உரையாகக் கொள்ளுங்கால்தான் இடர் நேர்கின்றது. வால்ட்டனைப் படித்தவர், பாடலின் ஒவ்வோர் அடியிலும் பெமர்ட்டன் மணியோசையைக் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர்.

இம்மயக்கத்தைத் தெளிவிப்பது சுவடிச் சான்று. ஹெர்பர்ட் பாடல்களுக்கு இரண்டு கையெழுத்துப்படிகள் உள்ளன. ஆக்ஸ்போர்டு பாட்லி நூலகத்தில் உள்ளது அச்சு நூலை ஒத்த முழுப்படி. டாக்டர் வில்லியம்ஸ் நூலகத்தின் பெயரால் வழங்கும் மற்றொன்று அதனினும் முற்பட்டது; புலவரின் கைப்படத் திருத்தங்கள் கொண்டது. அதன்கண் உள்ள ஆங்கிலப் பாடல்கள் அச்சு நூலின் தொகையிற் பாதிக்கும் குறைவு. ஹெர்பர்ட் பெமர்ட்டனுக்கு வருமுன்னரே இப்படி எழுந்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் துணிபு. அங்ஙனமாயின், ‘திருக்கோயில்’ என்னும் அமைப்பும், வாயிலிற் புகுந்து பலிபீடம் கண்டு இறுதியில் அன்பின் விருந்தில் அமரும் ஒழுங்கும், அச்சிற்றாலயத்தைப் புலவர் ஏற்குமுன்னரே அவர் உள்ளத்தில் உருவாகிவிட்டன. அச்சு நூலின் வைப்புமுறையோ பழையதையும் புதியதையும் விரவிக் காலத்தை மறைத்துவிடுகின்றது. தேவாரத்தைப் பண்முறையாலும் தலமுறையாலும் தொகுத்தபோது பாடிய காலமுறை மறைந்தமை போன்றதே இதுவும். தலமுறையில் படிப்போர் ஒரு தலத்துக்குரிய பதிகங்களை ஒருங்கு காண்பர். ஆசிரியரின் உள்ளம் வளர்ந்த வழியைக் காணார்.

இனி, பழைய படியில் உள்ள கட்டடப் பாடல்களை நோக்குவோம். ஆலயத் தளத்தைப் பாடும் பாட்டு அவற்றுள் ஒன்று. புள்ளி பொருந்திய உறுதியான சதுரக்கல் பொறுமை. இடையிடையே பதித்த கருங்கல் பணிவு. பீடம் நோக்கி மெல்ல உயரும் பகுதி நம்பிக்கை. எல்லாவற்றையும் இணைக்கும் சாந்து அன்பு. பாவம் வந்து கறைபடுத்துகின்றது. சலவைக்கல் நீர் கசிந்து அதனைக் கழுவுகின்றது. சாவு தூசியை ஊதி நிலத்தைக் கெடுத்துவிட்டதாக எண்ணுகின்றது. உண்மையில் அது பெருக்கித் தூய்மை செய்கின்றது. இவ்வளவும் கூறிய புலவர், இத்துணை வலிய கட்டடத்தை மெலிந்த நெஞ்சில் எழுப்பிய தச்சனை வாழ்த்தி முடிக்கின்றார். தளம் என்று நாம் கண்டது நெஞ்சமே என்பது இறுதியில்தான் விளங்கும். நயமான பாட்டுத்தான். ஆனால் அத்தளத்தின்மேல் நடந்தவர் எவருமில்லை. உழவரின் சேற்றுக்காலடி ஒன்றும் அதிற் பதியவில்லை. பூட்டும் திறவுகோலும் பற்றிய பாட்டில் பூட்டப்படுவது இறைவனின் செவி. பூட்டுவது ‘என்’ பாவம். கல்லறைகளைப் பற்றிய பாட்டில், உயிர் வழிபாட்டிற்குச் சென்றிருக்க உடல் மட்டும் கல்லறைகளின் நடுவே தூசியோடு பாடம் கற்கின்றது. புலவர் விளித்துப் பேசுவதும் அவ்வுடலையே. இம்மூன்றிலும் ஆலயத்துள் இருப்பவர் ஒருவரே. வழிபாடு முடிந்து மக்கள் கலைந்தபின் உள்ள வெற்றாலயம் இது. அன்றி, மக்கள் என்றுமே வந்திராத ஆலயம் எனலும் ஆகும்.

மக்கள் கூட்டம் நிறைந்த எழுத்தை ஹெர்பர்ட்டிடம் காண வேண்டுமாயின் அவர்தம் உரைநடை நூலுக்குச் செல்லவேண்டும். ‘நாட்டுப்புறக் குரு’ எனத் தமிழிற் கூறத்தக்க அந்நூலின் முன்னுரை 1632 எனக் காலங் குறிப்பது. நூல் அச்சேறியது 1652-இல். 37 சிறு இயல்களால் ஆகிய இதனைத் தம் ஊரின் படமாக அவர் எழுதவில்லை. தாம் எய்தமுயலும் குறியாக, உண்மைக் குரு ஒருவனின் வடிவை வரைந்ததாகவே முன்னுரை கூறுகின்றது. எனினும் குறிக்கோளை வரையும் கை, கண்முன் உள்ளவற்றை விட்டுவிடவில்லை. வழிபாட்டில் ‘ஆமென்’ கூறும்போது வாயைப் பிளந்துகொண்டும் தலையைச் சொறிந்துகொண்டும் நடுவே துப்பிக்கொண்டும் குழறுதல் ஆகாது என்கின்றார். தூங்குதல், சாய்தல், அரைமுழங்காலிடுதல் ஆகியவற்றை விலக்குகின்றார். இவற்றை நூலகத்தில் அமர்ந்து கற்பனை செய்தல் அரிது. செல்வர் சிலர் ஏழை அயலாரோடு தொடக்கத்திலேயே வருதலை இழிவாகக் கருதி வழிபாட்டின் நடுவில் நுழைவதனையும் கண்டிக்கின்றார். முதலில் இன்சொல்லால் திருத்துக, திருந்தாவிடின் மேலதிகாரிகட்கு அறிவிக்க என்கின்றார். உயர்குடிப் பிறந்த ஒருவர் உயர்குடியினரைப் பற்றி இங்ஙனம் எழுதுவது கருதத்தக்கது.

நாட்டு மக்களைப் பற்றி அவர் கொண்ட மதிப்பீடு புகழ்ச்சியாக இல்லை. தடித்த, கனத்த மனத்தினர், ஊக்கத்தின் உச்சிக்கு ஏற்றுதற்கு அரியர் என்கின்றார். கிராமத்தானின் கள்ளமற்ற உள்ளம் என்று பிற்காலக் கவிஞர் மெழுகும் மெழுக்கு இவரிடம் இல்லை. அதனாலேயே இவரை நம்புகின்றோம். ஆயின் அக்கனத்தைக் குறையென்று விட்டுவிடாமல், அதற்கேற்பத் தம் பேச்சை மாற்றிக்கொள்ளும் வழியை ஆராய்கின்றார். அறிவுரை பிரசங்கத்தோடு இறந்துபோகும். கதையும் பழமொழியும் நினைவில் நிற்கும். திருமறை வாக்கியத்தைத் துணுக்குத் துணுக்காகப் பிளந்து காட்டும் புலமை வேண்டா. ‘இது உனக்கு, இது உனக்கு’ என்று ஒவ்வொருவரும் உணருமாறு பேசுக. ஒரு மணி நேரத்துக்கு மேற் பேசற்க. கலப்பை, கோடரி, மரக்கால், புளித்தமா ஆகிய எளிய பொருள்கள் விண்ணகச் செய்திக்கு விளக்காகலாம். இயேசுபெருமானும் அவ்வாறே செய்தார். குரு உழவையும் மேய்ச்சலையும் அறிந்திருத்தல் வேண்டும். வாரநாட்களின் பிற்பகலில் வீடுதோறும் செல்லுதல் வேண்டும். தவழ்ந்து நுழையும் குடிசையாயினும், எத்துணை நாற்றம் வீசினும், உள்ளே செல்லத் தயங்குதல் கூடாது. ஊரெல்லையைச் சுற்றிவரும் பழைய ஊர்வலத்தை அவர் விரும்புவதற்குக் கூறும் காரணங்களும் நயமுடையன: விளைச்சலுக்கு இறையருள் வேண்டல், எல்லைகளைக் காக்கும் நீதி, உடன்நடந்து பிணக்குத் தீரும் அன்பு, ஏழைக்கு ஈயும் இரக்கம்.

கேட்பாரை நோக்கிய இவ்வுரைநடைச் சிந்தனையோடு, பழைய படியில் இல்லாமல் முழுப்படியில் மட்டும் காணப்படும் பாடல்களை ஒப்பிடுவோமாயின், மாற்றம் கண்கூடாகின்றது. ‘சாளரங்கள்’ என்னும் பாட்டு தளத்தையும் பூட்டையும் பாடும் பாடல்களுக்கு அருகிலேயே வைக்கப்பட்டுள்ளது. ஆயினும் வேறு உலகத்தைச் சார்ந்தது. மனிதன் எளிதில் நொறுங்கும், கீறல் விழுந்த கண்ணாடி. அவன் இறைவனின் வாக்கைப் பறைசாற்றுதல் எங்ஙனம் என்று அது தொடங்குகின்றது. வண்ணக் கண்ணாடி செய்வோர் ஓவியத்தைத் தீயிற் சுட்டு அதனுள் ஊன்றச் செய்வதுபோல், இறைவன் தன் வரலாற்றைப் பிரசங்கியாரின் வாழ்க்கையுள் சுட்டுப் பதிக்கின்றான். அப்போதுதான் ஒளி மதிப்பும் கவர்ச்சியும் உடையதாகின்றது. இல்லையேல் நீர்த்து, வெளிறி, மெலிந்து நிற்கும். வாழ்க்கையோடு கூடாத பேச்சு பளிச்சிட்டு மறையும் சுடர் போல்வது. அது செவியில் ஒலிக்குமேயன்றி மனச்சான்றில் ஒலியாது.

யாருடைய செவி அது? தளத்தைப் பாடியபோது ஹெர்பர்ட்டுக்கு எழாத வினா இது. சாளரம் தனக்காக இருப்பதன்று. உள்ளே அமர்ந்து ஒளியை வேண்டுவோர் இருத்தலின் சாளரம் உண்டாயிற்று. பழைய பாடல்களில் கட்டடத்தின் உறுப்பு நெஞ்சுக்கு உருவகமாயிற்று. இங்கோ கட்டடத்தின் உறுப்பு, பிறர்க்குப் பயன்படும் ஒரு மனிதனுக்கு உருவகமாகின்றது. 15 அடிகளில் அமைந்த இச்சிறு பாட்டில் சபையாரைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. எனினும் அவர் இல்லாமல் பாட்டின் பொருள் நிரம்பாது.

சொல்லாகவே மக்கள் வந்து நிற்கும் பாட்டு ‘ஆரோன்’. பழைய படியில் இல்லாத இதனையே ஹெர்பர்ட்டின் குருப்பணிப் பாடல்களுள் தலையாயதாக யாம் கருதுகின்றோம். யாத்திராகமத்தில் தலைமைக்குரு ஆரோனுக்கு விதிக்கப்பட்ட உடை விரிவாகக் கூறப்படுகின்றது: தலையில் தூய்மை பொறித்த பட்டம், மார்பில் ஒளியையும் நிறைவையும் குறிக்கும் அணி, ஆடையின் கீழ்விளிம்பில் பொன்மணிகள். முதற்பகுதி இதனைக் கூறும். இரண்டாம் பகுதியில் ஆங்கிலச் சிற்றூரின் குரு தம்மை நோக்குகின்றார்: தலையில் தூய்மையின்மை, மார்பில் குறையும் இருளும், மணியோசைக்கு மாறாக ஆசைகளின் இரைச்சல், ஏழைக் குருவாகிய தாம் உடுத்திருப்பது இது என்கின்றார். மூன்றாம் பகுதியில் தமக்கு வேறொரு தலையும் வேறொரு நெஞ்சும் வேறோர் இசையும் உண்டு என்கின்றார். நான்காவதில் அவை கிறித்து என்று தெளிகின்றது. ஐந்தாவதில் அவர் உடுத்து முடித்துவிட்டார், மக்களை ‘வருக’ என்று அழைக்கின்றார், பாட்டு முடிகின்றது.

யாப்பமைதியை நோக்கின் இதன் அருமை மேலும் விளங்கும். ஐந்து அடிகள் கொண்ட ஐந்து பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் அடி மூன்று சீரில் தொடங்கி நான்காய், ஐந்தாய் வளர்ந்து, மீண்டும் நான்காய், மூன்றாய்க் குறைகின்றது. மணியோசை எழுந்து பெருகி அடங்குவதைச் செவி உணர்கின்றது. ஐந்து பகுதிகளிலும் அடியிறுதிச் சொற்கள் ஐந்தும் மாறாமல் வருகின்றன: தலை, மார்பு, இறந்தோர், ஓய்வு, உடுத்தல் என்னும் பொருளன. இதனை நம் இயைபுத் தொடையோடு ஒப்பிடலாம். ஆனால் இங்கு ஒலி மட்டுமன்றிச் சொல்லே மீள்வதால் கட்டுப்பாடு மிகக் கடிது. சொல் மாறாதிருக்கப் பொருள் மாறுகின்றது. முதலிற் கூறிய ‘தலை’ ஆரோனது, அடுத்தது புலவரது, பின்னது கிறித்து, இறுதியில் அதுவே மீண்டும் புலவரது. உடை மாற்றும் செயல் இறுதிச்சொற்கள் மாறாமையாலேயே நிகழ்ந்துவிடுகின்றது. ‘பலிபீடம்’ முதலிய உருப்பாடல்களை நம் சித்திரகவியோடு ஒப்பிட்டுப் போற்றுவார் பலர். அவை கண்ணுக்கு விருந்து என்பதை மறுக்கவில்லை. எனினும் வடிவம் பொருளோடு இரண்டறக் கலந்தமையில் ‘ஆரோன்’ அவற்றினும் உயர்ந்தது என்பது எம் துணிபு.

இப்பாட்டின் இறுதி அழைப்பை ஒரு நாடக உத்தி எனச் சிலர் கூறக்கூடும். அவ்வாறு கூறுவோர் அதன் சூழலை மறந்தோராவர். குரு உடைமாற்றும் நேரம் முழுவதும் மக்கள் வெளியே காத்திருக்கின்றனர். நான்கு பகுதிகளில் நாம் கேட்டது தனிமையில் நிகழ்ந்த உட்போராட்டம். ஆனால் அப்போராட்டத்துக்கு ஒரு கால எல்லை இருந்தது. மணி அடித்தாயிற்று, இனியும் தாழ்த்தலாகாது. பழைய பாடல்களில் நெஞ்சம் தன்னைத் தானே ஆராய்வதற்கு எல்லையில்லை. இங்கோ, தம் தகுதியின்மையைப் பற்றி மேலும் வருந்திக்கொண்டிருத்தற்குக் கூடப் புலவர்க்கு உரிமை இல்லை. சிறு சபையொன்று அவர் கவிதைக்கு அளித்த கொடை இதுவே.

எம் கருத்துக்கு மாறாகக் காட்டத்தக்க சான்றுகளையும் நோக்குதல் முறை. நூலின் முகப்பில் நிற்கும் ‘ஆலய வாயில்’ 77 செய்யுட்களால் ஆகிய நெடும்பாட்டு; பழைய படியிலும் உள்ளது. நாலடியாரும் ஆசாரக்கோவையும் பயின்ற நமக்கு அதன் போக்கு எளிதில் விளங்கும்: குடி, சூது, பொய், செலவு, பேச்சு, உடை ஆகியவை பற்றி இளைஞனுக்குக் கூறும் அறம். அதன் இறுதிப் பகுதி ஆலயத்துள் ஒழுகும் முறையைக் கூறுங்கால், தனி வழிபாட்டினும் கூட்டு வழிபாடு சிறந்தது என்றும், பிரசங்கி மந்தமாயிருப்பினும் மட்கலத்தினின்று செல்வத்தைப் பொறுக்கிக் கொள்க என்றும் உரைக்கின்றது. ஆதலின் சபை என்னும் உணர்வு முன்னரே உண்டு என்னலாம். உண்மை. ஆனால் அச்சபை, இருக்கையில் அமர்ந்திருப்பவன் கண்ட சபை. பிரசங்கியார் அங்கே எதிரில் நிற்கும் மற்றொருவர். ‘சாளரங்க’ளில் அம்மந்தப் பிரசங்கியாரின் இடத்தில் புலவரே வந்து நிற்கின்றார், முன்பு பிறர்மேல் ஏற்றிய குறை இப்போது அவர்மேல் ஏறுகின்றது.

‘மீட்பு’ என்னும் பதினான்கடிப் பாட்டையும் எடுத்துக்காட்டுவர். குத்தகை கட்டுப்படியாகாத உழவன் ஒருவன் பழைய ஒப்பந்தத்தை மாற்றிச் சிறு குத்தகை பெற நிலக்கிழாரைத் தேடுகின்றான். விண்ணக மாளிகையில் இல்லை. நகரங்களிலும் அரங்குகளிலும் பூங்காக்களிலும் அரசவைகளிலும் இல்லை. கள்வரும் கொலைஞரும் கூடிய இடத்திற் காண்கின்றான். கேட்குமுன் வேண்டுகோளை அளித்துவிட்டு அவர் உயிர் நீக்கின்றார். பெமர்ட்டன் உழவர்க்கென்றே செய்தது போலத் தோன்றும் இப்பாட்டு பழைய படியிலேயே, வேறு தலைப்பில், உள்ளது. எளிய பொருளால் அரிய பொருளை விளக்கும் ஆற்றல் அவர்க்குச் சபை வருமுன்னரே வாய்த்திருந்தது என்றே இதனாற் கொள்ளவேண்டும். சபை அவர்க்குக் கற்பித்தது எளிமையை அன்று, பொறுப்பை.

தமிழ் மாணவர் பலர்க்கு இவ்விடத்துப் பூசலார் நினைவு எழுதல் இயல்பு. கல்லும் பொருளும் கிடைக்காமல் நெஞ்சினுள்ளே நாளும் கோளும் பார்த்துக் கோயில் எழுப்பிய அவ்வடியாரைச் சேக்கிழார் பாடியதைக் காட்டி, ஹெர்பர்ட்டின் கோயிலும் அன்னது என்று முடிப்பது எளிது. ‘ஆலயத்தளம்’ போன்ற பாடல்கள் அளவில் ஒப்புமை பொருந்தும். அதற்கு மேல் பொருந்தாது. பூசலார்க்குப் பொருள் இல்லை. ஹெர்பர்ட் பொருள் திரட்டிக் கல்லும் மரமும் கொண்டு கட்டியவர். பெமர்ட்டனுக்கு முன்னரே ஹன்டிங்டன் பகுதியில் லேட்டன் புரோம்ஸ்வோல்டு என்னும் சிற்றூரின் சிதைந்த ஆலயத்தைப் புதுப்பித்தார். அங்கே பிரசங்க பீடத்தையும் மன்றாட்டு வாசிக்கும் பீடத்தையும் ஒரே உயரத்தில் அமைக்கச் செய்தார். மன்றாட்டினும் பிரசங்கம் உயர்ந்ததன்று, பிரசங்கத்தினும் மன்றாட்டு உயர்ந்ததன்று என்பது கருத்து என்பர். இணையான அவ்விரு பீடங்களும் இன்றும் அங்கு உள்ளன. மேலும், பூசலாரின் அகக்கோயில் இறைவன் ஒருவனே வந்து புகுதற்கு அமைந்தது. ‘ஆரோன்’ பாடிய கோயிலிலோ கதவு மக்களுக்காகத் திறக்கின்றது.

‘காலர்’ எனத் தலைப்பிட்ட புகழ்பெற்ற கலகப் பாட்டும் பிந்தியதே. மேசையை அறைந்து ‘இனிப் பொறேன்’ எனக் கூச்சலிடும் அதனைக் குருப்பணியின் சலிப்பாகச் சிலர் படிக்கின்றனர். தலைப்பிலேயே குருமாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் காண்போரும் உளர். அப்பட்டை 19ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. கழுத்தில் இட்ட நுகம் என்பதே பொருந்தும் பொருள். அதனைப் பெமர்ட்டனோடு கட்டாயமாகப் பிணைக்க வேண்டியதில்லை.

நூல் வெளிவந்த வரலாறும் ஈண்டுக் கருதத்தக்கது. இறக்குந் தறுவாயில் ஹெர்பர்ட் தம் சிறு கையெழுத்துப் புத்தகத்தை லிட்டில் கிட்டிங்கில் இருந்த நிக்கோலஸ் பெராருக்கு நண்பர் வழியே அனுப்பி, மனம் சோர்ந்த எளிய உயிர் ஒன்றுக்குப் பயன்படுமாயின் அச்சிடுக, இல்லையேல் எரித்துவிடுக என்றார் என வால்ட்டன் கூறுகின்றார். வால்ட்டன் கூற்றை முழுதும் நம்பத் தயங்கிய யாம் இதனை மட்டும் ஏற்பது முரண் எனலாம். சொற்கள் வால்ட்டனுடையனவாக இருக்கலாம். 1633-இல் கேம்பிரிட்ஜில் அந்நூல் அச்சேறியதும், அதனைப் பதிப்பித்தவர் பெரார் என்பதும் உறுதி. சபையாருள் ஒருவனை, ‘இது உனக்கு’ என்று விரல் நீட்டிப் பேசப் பழகிய குரு, தம் படிப்போனையும் அவ்வாறு ஒருவனாகவே எண்ணியிருத்தல் இயல்பு.

அப்படிப்போர் பின்னர்க் கூட்டமாயினர். முன்படியில் ‘நிறைவு’ என்று தலைப்பிடப்பட்டுப் பின்னர்த் திருத்தியமைக்கப்பட்ட ‘எலிக்ஸர்’ என்னும் பாட்டு, அறையைப் பெருக்கும் வேலையாளும் அதனை இறைவன்பொருட்டுச் செய்யின் அச்செயல் மேன்மையுறும் என்கின்றது. இதுவும் வேறு சிலவும் இன்று ஆங்கிலத் திருச்சபைகளில் சபையார் கூடிப் பாடும் ஞானப்பாட்டுக்களாக வழங்குகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி பல பாடல்களைப் பொதுப்பாட்டுக்கு ஏற்றவாறு யாப்பு மாற்றி அமைத்தார். அம்மாற்றங்களில் ஹெர்பர்ட்டின் அடிநுட்பம் சிதைந்தது உண்மையே. வெஸ்லியின் கை இவ்வகையில் நயமறிந்த கை அன்று.

பெமர்ட்டன் சிற்றாலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஹெர்பர்ட் நினைவாக 1861-இல் அவ்வூரில் எழுந்த பேராலயம் பிற்காலத்தில் வழிபாட்டுப் பயனிழந்து ஊர்ப்பொதுப் பணிகட்கு உரியதாயிற்று, சிறியதே எஞ்சிற்று. அதன் மேற்குச் சாளரத்தில் ஹெர்பர்ட்டையும் பெராரையும் வண்ணக் கண்ணாடியில் அமைத்துள்ளனர். புலவரின் உடல் பலிபீடத்தின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

இருபடிகளையும் பாட்டுக்குப் பாட்டு ஒப்பிட்டு, தன்மை ஒருமையிலிருந்து முன்னிலைப் பன்மைக்குச் செல்லும் விளிகளைத் தொகுத்து ஆராயின், யாம் இரண்டு பாடல்களைக் கொண்டு கூறியது நூல் முழுவதற்கும் எவ்வளவு பொருந்தும் என்பது தெளியும். நம் பதிகங்களிலும் அடியாரை விளிக்கும் பாடல்களையும் தம் நெஞ்சை விளிக்கும் பாடல்களையும் தலமுறையினின்று பிரித்து இவ்வாறு நோக்குதற்கு இடமுண்டு. அப்பர் பதிகங்களை எடுத்துக்கொள்ளும் மாணவர் அதனைத் தொடங்கலாம்.